இரண்டு முன்சீப்புகளின் பணிப்பதிவேடு

சனி, திருச்சி

கோர்ட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சிரஸ்தாராக, அதாவது கோர்ட்டு அலுவலகத்தின் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு காசி, ராமேஸ்வரம் என்று கிளம்புவதுதான் வழக்கம். நான் கையில் எடுத்த ஊர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, “பென்ஷன் வாங்கின பிறகும் கச்சேரி வாசலுக்கா போகிறீர்கள்?” என்று மனைவி கேட்டாள் (கச்சேரி என்றால் கோர்ட்டு, அரசு அலுவலகம்). திருவாரூரில் கோவில் இருக்கிறது, மாயவரத்திலும் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிவிட்டுத்தான் பை தூக்கினேன்.

நான் தேடிப் போவது இரண்டு பேரை. ஒருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, இன்னொருவர் திருவாரூர் முத்துசாமி ஐயர். 1850களின் பிற்பகுதியில், சில ஆண்டுகள் இடைவெளிக்குள், இருவரும் ஒரே ஊரில், தரங்கம்பாடியில், மாவட்ட முன்சீப்பாக (சிவில் வழக்குகளை விசாரிக்கும் கீழ்ப்படி நீதிபதியாக) இருந்தவர்கள். அதற்குப் பிறகு ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். மற்றவர் முன்சீப்பாகவே பதவியை விட்டு இறங்கினார். நாங்கள் கோர்ட்டு ஊழியர்கள் காலமெல்லாம் சீனியாரிட்டிப் பட்டியலைப் பார்த்தே வாழ்ந்தவர்கள். இப்படி ஒரு வித்தியாசத்தைப் பார்த்தால் சும்மா விட முடியாது. யாருக்கு எந்தத் தகுதியால் எந்த நாற்காலி கிடைத்தது என்பதை அந்தந்த ஊரிலேயே நின்று யோசிக்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் ஊர் திருச்சி. கண்டோன்மென்ட் பக்கம் கோர்ட்டு வளாகத்தைச் சுற்றி நடந்தேன். சனிக்கிழமை, டைப்ரைட்டர் மேசைகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு டீக்கடை மட்டும் திறந்திருந்தது.

வேதநாயகம் பிள்ளை 1826இல் திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். அவர் கல்லூரிப் பக்கம் போனவரில்லை. அன்றைக்கு இந்தப் பக்கத்தில் போவதற்குக் கல்லூரியும் இல்லை. தென்பகுதி மாகாணக் கோர்ட்டு திருச்சியில் இருந்தது. அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளை என்பவரிடம்தான் தமிழும் ஆங்கிலமும் படித்தார். கோர்ட்டு உத்தியோகஸ்தரிடம் படித்ததால், இலக்கணத்தோடு சேர்த்துக் கச்சேரி நடைமுறையும் காதில் விழுந்திருக்கும். 1848இல் திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளர் வேலை, 1850இல் மொழிபெயர்ப்பாளர்.

ரிக்கார்டு ரூம் வேலையை இளக்காரமாக நினைப்பவர்கள் அங்கே ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தூசி, கரையான், பழைய கட்டுகளின் நாற்றம் எல்லாம் உண்மை. ஆனால் ஒரு ஜில்லாவின் நிலத் தகராறு, வாரிசுத் தகராறு, கடன் பத்திரம் அத்தனையும் கைவழியே போகும். எந்த ஜமீனில் யார் யாருடைய மகன் என்பதை நீதிபதியைவிட ஆவணக் காப்பாளர் நன்றாக அறிவார். மொழிபெயர்ப்பாளர் வேலை இன்னும் ஒரு படி மேல். சாட்சி தமிழில் சொல்வதை வெள்ளைக்கார நீதிபதிக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். சாட்சி மழுப்பினால் அந்த மழுப்பலும் தாளில் ஏற வேண்டும். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தவருக்குத் தனியாகச் சட்டப் பரீட்சைக்குப் படிக்கப் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது என்பது என் எண்ணம்.

டீக்கடைக்காரர், “கேஸ் எதுவும் உண்டா ஐயா?” என்று விசாரித்தார். நூற்றெழுபது வருஷப் பழைய கேஸ் என்றேன். இங்கே அதெல்லாம் சகஜம் என்பது போலத் தலையாட்டிவிட்டார்.

ஞாயிறு, திருவாரூர்

தஞ்சாவூர், நீடாமங்கலம் வழியாக ரயில். இறங்கியதும் கமலாலயக் கரையில் ஒரு சுற்று. ஐந்து வேலிக் குளம் என்பார்கள். வெயில் ஏறுவதற்கு முன் நடந்து முடிப்பது நல்லது. கோவிலுக்குப் போனேன் (வீட்டில் சொன்ன வாக்கு). வெளியே மனுநீதிச் சோழனின் கல் தேரையும் பார்த்தேன். கன்றின் மேல் தேரை ஏற்றிய மகனை அதே தேர்க்காலில் இட்ட அரசனின் ஊர் இது. நம் நாட்டின் மிகப் பெரிய நீதிபதிகளில் ஒருவர் இதே ஊரில் வளர்ந்தார் என்பதைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை.

முத்துசாமி ஐயர் 1832 ஜனவரி 28 அன்று தஞ்சாவூர் ஜில்லாவில் உச்சுவாடி என்ற கிராமத்தில் பிறந்தார். சிறு வயதில் தந்தை போய்விட்டார். பிள்ளையின் படிப்புக்காகத் தாய் திருவாரூருக்கு வந்தார். வறுமை படிப்பை நிறுத்தியது. கிராமக் கணக்கருக்கு உதவியாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை.

இதற்கு அடுத்து எல்லா வாழ்க்கை வரலாறுகளிலும் வரும் கதை ஒன்று உண்டு. தாசில்தார் முத்துசாமி நாயக்கர் ஒரு நாள் கச்சேரிக்கு வந்தபோது ஆற்றங்கரை உடைந்த சேதி வந்திருக்கிறது. பெரிய குமாஸ்தா இல்லை. அங்கிருந்த பையனை அனுப்பினார். அவன் போய்ப் பார்த்து, உடைப்பு எவ்வளவு, அடைக்க எத்தனை ஆள், என்னென்ன சாமான் வேண்டும் என்று விவரமாக வந்து சொன்னான். பிறகு போய்ப் பார்த்த பெரியவர்களின் கணக்கும் அதோடு ஒத்துப்போனது. தாசில்தார் அவனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

தெருவிளக்கில் படித்தார் என்ற கதைதான் பள்ளிக்கூடங்களில் பிரபலம். எனக்கு இந்த உடைப்புக் கதைதான் பிடித்தது. தெருவிளக்கில் படித்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். காவிரிப் படுகையில் கரை உடைந்தால் கலெக்டர் வரை பதில் சொல்ல வேண்டும், பயிர் போகும், வரி போகும். அந்த நேரத்தில் சரியான தகவலோடு வந்து நிற்கிற பையனை எந்தத் தாசில்தாரும் மறக்க மாட்டார். ஒரு நல்ல ரிப்போர்ட்டு எழுதத் தெரிந்தவனுக்கு அரசு அலுவலகத்தில் எப்போதும் ஒரு மேசை உண்டு. நான் பார்த்தவரை இன்றும் அப்படித்தான். மேசைதான் உண்டு, பதவி உயர்வு வேறு விஷயம்.

ஓடம்போக்கி ஆற்றுப் பாலத்தில் சற்று நேரம் நின்றேன். உடைந்தது எந்த ஆற்றின் கரை என்று யாரிடம் கேட்பது? பாலத்தில் மீன் விற்றவர் என்னைப் பொதுப்பணித் துறை ஆள் என்று நினைத்து, தூர்வாராததைப் பற்றி நீளமாக முறையிட்டார். முழுவதும் கேட்டுக்கொண்டேன்.

திங்கள் காலை, நாகப்பட்டினம்

சீக்கிரம் முடித்துக்கொண்ட ஊர். தாசில்தார் நாயக்கர் பையனை அனுப்பிய மிஷன் பள்ளி இங்கேதான் இருந்தது. ஒன்றரை வருஷம் ஆங்கிலம். 1799 முதல் 1845 வரை தஞ்சாவூர் ஜில்லாவின் தலைமையிடம் நாகப்பட்டினம்தான் என்பதை இன்று யாரும் நினைப்பதில்லை. தலைமையிடமும் துறைமுகமும் இருந்த இடத்தில் ஆங்கிலப் பள்ளி இருந்ததில் ஆச்சரியமில்லை.

இங்கிருந்து பரிந்துரைக் கடிதங்களோடு அவரைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஹைஸ்கூலில் பவல் துரையின் மாணவர். அந்தப் பள்ளிதான் பின்னாளில் மாநிலக் கல்லூரி ஆனது. 1854இல் மாகாணம் முழுவதற்குமான ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய்ப் பரிசு வாங்கினார். மாதம் ஒரு ரூபாய்க் கணக்கில் பார்த்தால் நாற்பத்தொரு வருஷம் எட்டு மாதச் சம்பளம், ஒரே கட்டுரைக்கு. பஸ்ஸில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரரிடமும் சொன்னேன். “இப்போ யாரு கட்டுரைக்குக் காசு குடுக்கிறா?” என்றார்.

திங்கள் இரவு, தரங்கம்பாடி

காரைக்கால் தாண்டி வடக்கே கடலோரச் சாலையில் வந்தேன். 1792இல் டேனிஷ்காரர்கள் கட்டிய நுழைவாயில் வழியாக ராஜ வீதிக்குள் நுழைந்தால் சத்தமே குறைந்துவிடுகிறது. ஒரு பக்கம் சீயோன் தேவாலயம், எதிரே 1718இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம், தெரு முடிகிற இடத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை. கடல் தின்றது போக மிச்சம் நிற்கிறது மாசிலாமணிநாதர் கோவில்.

1845இல் டென்மார்க் இந்த ஊரையும் வங்காளத்துச் சேரம்பூரையும் சேர்த்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றது. கம்பெனி உடனே ஜில்லா தலைமையிடத்தை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாற்றியது. 1860 வரை தஞ்சாவூர் ஜில்லாவின் நிர்வாகம் இந்தச் சின்னக் கடற்கரை ஊரிலிருந்துதான் நடந்தது. நம் இருவரும் முன்சீப்பாக வந்தது அந்தப் பதினைந்து வருஷத்துக்குள். கலெக்டர் கண் முன்னால் வேலை பார்க்கிற இடம் அது. உள்ளே எங்கேயோ ஒரு தாலுகாவில் முன்சீப்பாக இருப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

முன்சீப் பதவி என்னவென்று இன்றைய வாசகருக்குச் சொல்ல வேண்டும். 1816இன் சட்டங்கள் மாவட்ட முன்சீப்புகளை உண்டாக்கின. நாட்டவருக்கு மட்டுமான நாற்காலி; குறிப்பிட்ட தொகைக்குள் அடங்கும் சிவில் வழக்குகள். அதற்கு மேலே சதர் அமீன், அதற்கு மேலே பிரின்சிபல் சதர் அமீன். அத்தோடு ஏணி முடிந்தது. ஜில்லா ஜட்ஜி வெள்ளைக்காரர். சென்னையில் கம்பெனியின் மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் அதாலத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் வெள்ளைக்காரர்களே. 1873இன் சிவில் கோர்ட்டுகள் சட்டம் வந்த பிறகுதான் பிரின்சிபல் சதர் அமீனுக்கு சப் ஜட்ஜி என்று பெயர் மாறியது, முன்சீப்பின் வரம்பு 2500 ரூபாய் ஆனது.

இந்த நாற்காலிக்கு ஆளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857இல். அதன் முதல் பி.ஏ.க்கள் 1858இல் வந்த யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும். ஆக, நம் இருவரும் பரீட்சை எழுதிய 1856இல் இந்த மாகாணத்தில் பட்டம் என்ற ஒன்றே கிடையாது. அரசு நடத்திய சட்டத் தேர்வு, அதோடு மேலதிகாரியின் நற்சான்று, இந்த இரண்டும்தான் தகுதிச் சான்று. ஐயர் அந்தத் தேர்வைக் கும்பகோணத்தில் எழுதி முதலிடத்தில் தேறினார். பிள்ளையும் அதே ஆண்டில் முன்சீப் தேர்வில் தேறி, அடுத்த ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தார்.

என் காலத்தில் சிவில் ஜுடீசியல் டெஸ்ட், கிரிமினல் ஜுடீசியல் டெஸ்ட், அக்கவுண்ட் டெஸ்ட் என்று மூன்றையும் தேறாமல் ஒரு படி நகர முடியாது. புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்று விட்டாலும் பாதிப் பேர் தவறுவார்கள், ஏனென்றால் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தானே! அதனால் 1856இன் தேர்வில் முதலில் தேறியவர்கள் மேல் எனக்குத் தொழில்முறை மரியாதை உண்டு. அதைவிட, தேர்வுக்கு முன் இருவரும் பார்த்த வேலையில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பிள்ளை திருச்சி கோர்ட்டில் ரிக்கார்டு காப்பாளர். ஐயர் சிறிது காலம் ஆசிரியராக இருந்துவிட்டுத் தஞ்சாவூர் கலெக்டர் கச்சேரியில் ரிக்கார்டு காப்பாளர். பிறகு பள்ளிகளின் டெபுடி இன்ஸ்பெக்டர். கட்டு அவிழ்த்துக் கட்டத் தெரிந்த இரண்டு பேர் முன்சீப் நாற்காலிக்கு வந்திருக்கிறார்கள்.

இன்றைய விதிப்படி பார்த்தால் ஐயரின் பதிவேட்டை எந்த ஆடிட்டும் ஒப்புக்கொள்ளாது. கல்வித் துறையிலிருந்து நீதித் துறை, அங்கிருந்து 1859இல் வருவாய்த் துறைக்குத் தாவி டெபுடி கலெக்டர், 1865இல் மறுபடி நீதித் துறைக்கு வந்து மங்களூரில் பிரின்சிபல் சதர் அமீன். ஒவ்வொரு தாவலுக்கும் மேலே ஒருவர் இவரைத் தெரிந்துவைத்துக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பிள்ளை அப்படித் தாவவே இல்லை. தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம்; முன்சீப், முன்சீப், முன்சீப்.

பழைய முன்சீப் கோர்ட்டு எந்தக் கட்டடத்தில் நடந்தது என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். “மனு கொடுங்கள், முப்பது நாளில் பதில் வரும்” என்றார் அங்கிருந்தவர். நானும் ஆயுள் முழுக்க அதையே சொன்னவன்தான். கோபப்பட உரிமை இல்லை.

செவ்வாய், சீர்காழி, மயிலாடுதுறை

நேற்றைய பதிவைப் படித்த ஒரு வாசகர், “பிள்ளையவர்களைத் தோற்றவர் போல எழுதுகிறீர்களே” என்று வருத்தப்பட்டிருந்தார். இன்றைய ஊர்கள் அதற்குப் பதில்.

சீர்காழியில் பிள்ளை முன்சீப்பாக இருந்த காலத்தில்தான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர் கேட்டுக்கொண்டபடி சீகாழிக் கோவை என்ற செய்யுள் நூலைப் பாடினார். அதற்குப் பின் வேதநாயகம் பிள்ளையையே தலைவராக வைத்துக் குளத்துக் கோவையும் பாடினார். சைவ மகாவித்துவான் ஒரு கிறிஸ்தவ முன்சீப்பைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துக் கோவை பாடிய காலம் அது. சட்டைநாதர் கோவில் குளத்தங்கரையில் உட்கார்ந்து இதை யோசிக்கையில், இன்றைக்கு நடக்குமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை.

மதியம் மயிலாடுதுறை. எங்கள் தலைமுறைக்கு மாயவரம்தான், பிள்ளை காலத்தில் மாயூரம். 2020இல் தனி மாவட்டம் ஆகி, தரங்கம்பாடியும் சீர்காழியும் இப்போது இதன் கீழ் வந்துவிட்டன. பிள்ளையின் உத்தியோகம் மொத்தமும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிவிட்டது என்று இப்போது சொல்லலாம்.

மாயூரத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் முன்சீப்பாக இருந்தார். பகலில் கோர்ட்டு. மற்ற நேரத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றி நம் இலக்கியக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை, எனக்கோ அதுதான் பெரிதாகப் படுகிறது. 1805 முதல் 1861 வரை சதர் அதாலத் கோர்ட்டு அளித்த தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி, சித்தாந்த சங்கிரகம் என்று 1862இல் வெளியிட்டார். ஐம்பத்தாறு வருஷத் தீர்ப்புகள்! உதவிக்கு ஒரு சுருக்கெழுத்தர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. சென்னையில் வெள்ளைக்கார நீதிபதிகள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள் என்பது அதுவரை ஆங்கிலம் தெரிந்தவருக்குத்தான் எட்டும். கும்பகோணத்து வக்கீலும், கிராமத்துக் கணக்குப்பிள்ளையும், வழக்காடுகிற மிராசுதாரும் தாமே படித்துப் பார்க்கும்படி முதன்முதலில் ஒரு முன்சீப் அதைக் கொண்டுவந்து வைத்தார். திருச்சி மொழிபெயர்ப்பாளர் மேசையில் கற்ற வித்தையை இவர் விடவில்லை.

இதற்கு அவருக்கு ஒரு இன்கிரிமென்டாவது கிடைத்ததா? கிடைத்திருக்கும் வாய்ப்பு குறைவு என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. தமிழில் செய்த வேலை மேலே போகும் கோப்பில் எடையாக நிற்காது. ஐயர் 1854இல் எழுதிய கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தது. அது மாகாணம் முழுக்கப் பெயர் வாங்கித் தந்தது. இருவரின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த ஒரு வரி பளிச்சென்று தெரிகிறது.

பிள்ளைக்கும் அது தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். 1879இல் அச்சான பிரதாப முதலியார் சரித்திரத்தில், தமிழ்நாட்டுக் கோர்ட்டில், தமிழ் தெரிந்த நீதிபதி முன்னால், தமிழ்க் கட்சிக்காரனுக்காக வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதைக் கிண்டலும் கோபமுமாக ஒரு பிடி பிடித்திருக்கிறார். தமிழின் முதல் நாவல் என்று அதைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். ஒரு கோர்ட்டு ஊழியரின் மனக்குறைப் புத்தகமாக அதைப் படிக்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் முன்பே எழுதிய நீதிநூலில் கைக்கூலிக்குத் தனி அதிகாரம் இருக்கிறது. அதையும் பெஞ்சின் மேலே உட்கார்ந்து கீழே நடப்பதைப் பார்த்தவர்தான் எழுதியிருக்க முடியும். கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றும் அமீனாவும் வாசலில் நிற்கும் டவாலியும் என்ன வாங்குவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

1872இல் வேலையை விட்டார். ஜில்லா நீதிபதியான வெள்ளைக்காரருடன் ஏற்பட்ட மனக்கசப்பு என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. உடம்பும் சரியில்லாதிருந்தது. முன்சீப்பின் நன்னடத்தைக் குறிப்பை எழுதுகிறவர் ஜில்லா ஜட்ஜிதான். ஜட்ஜிக்குப் பிடிக்காமல் போனால், பத்தாயிரம் தீர்ப்பை மொழிபெயர்த்திருந்தாலும் பலனில்லை. இந்தப் பகுதியை எழுதும்போது என் பழைய நண்பர்கள் சிலரின் முகம் ஞாபகத்துக்கு வருகிறது. பெயர் வேண்டாம்.

வேலையை விட்டபிறகு மாயூரம் நகராட்சித் தலைவராக இருந்தார். 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது கையிலிருந்ததைப் போட்டுக் கஞ்சித் தொட்டி திறந்தார். அதைப் பார்த்துத்தான் நந்தன் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் “நீயே புருஷ மேரு” என்று இவரைப் பாடினார். மாயூரத்துக்குத் தமிழ் படிக்க வந்த உ.வே.சாமிநாதையரும் இவரைப் பார்த்துப் பழகியதைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மகாவித்துவான், பாரதியார், உ.வே.சா. மூவர் எழுத்திலும் இடம்பெற்ற முன்சீப் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. சர் பட்டம் வாங்கியவர்களில்கூட.

சாயங்காலம் மணிக்கூண்டுப் பக்கம் காளியாகுடி ஹோட்டல் காப்பி. ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியில் ஒரு வக்கீல் அலுவலகப் பலகையில் பெயர் தமிழிலும் படிப்பு ஆங்கிலத்திலும் இருந்தது. சிரித்துக்கொண்டேன். ராத்திரி சென்னை ரயில்.

வியாழன், சென்னை

புதன்கிழமை முழுக்க மகன் வீட்டில் தூக்கம். எழுத ஒன்றுமில்லை.

இன்று காலை பாரிமுனை. முதலில் உயர் நீதிமன்றத்துக்குள் போகாமல் ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகை முன் நின்றேன். இன்றைய கலெக்டர் அலுவலகம். இந்த இடத்தில் இருந்த பழைய பெண்டிங்க் கட்டடத்தில்தான் உயர் நீதிமன்றம் 1892 வரை நடந்தது. முத்துசாமி ஐயர் பெரும்பாலும் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னது இங்கே. நாம் எல்லோரும் அவர் பெயரோடு சேர்த்து நினைக்கும் சிவப்புக் கட்டடம் 1892 ஜூலையில்தான் திறக்கப்பட்டது. அங்கே அவருக்குக் கிடைத்தது இரண்டரை வருஷம்.

மங்களூரிலிருந்து 1868இல் சென்னைக்குப் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக வந்தார். சென்னையில் இருந்துகொண்டே பி.எல். தேறினார். முப்பத்தைந்து வயதுக்கு மேல், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே படித்துத் தேறிய பட்டம். மற்றவர்கள் உத்தியோகம் கிடைத்ததும் புத்தகத்தைக் கட்டி வைத்துவிடுவார்கள். அதற்குள் பல்கலைக்கழகம் வந்துவிட்டது, சட்டப் பட்டம் வந்துவிட்டது, இனி மேலே போகிறவனுக்கு நற்சான்றுக் கடிதம் மட்டும் போதாது என்பதைக் காலத்தில் கண்டுகொண்டவர். பிள்ளை இதைச் செய்திருக்க முடியுமா? மாயூரத்தில் இருந்துகொண்டு முடியாது. பட்டமும் பார்வையும் சென்னையில்தான் கிடைத்தன.

மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, வேலைக்காரனை அடித்ததாக உயர் நீதிமன்றத்து வெள்ளைக்கார நீதிபதி ஒருவர்மீதே புகார் வந்ததாகவும், அவரை நேரில் வரச் சொல்ல வேண்டாம் என்று மேலிருந்து யோசனை சொல்லியும் கேளாமல் சம்மன் அனுப்பி, மூன்று ரூபாய் அபராதம் போட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. எத்தனை பங்கு உண்மையோ, இப்படி ஒரு கதையை நம்பும்படி அவர் நடந்திருக்கிறார். பிறகு சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதி. 1878இல் உயர் நீதிமன்றம்.

வெள்ளைக்காரர் நடத்திய ஆங்கிலோ இந்தியப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. நாட்டவர் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கலாமா, வெள்ளைக்காரருக்குத் தரும் சம்பளத்தை அவருக்குத் தரலாமா என்று எழுதின. இதற்குப் பதில் சொல்ல நம்மவரிடம் வலுவான பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று எண்பது பிரதி அச்சடித்தார்கள். அதுதான் தி ஹிந்து. ஒருவரின் பதவி உயர்வுக்காக ஒரு பத்திரிகையே பிறந்ததை வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. என் புரொமோஷனுக்கு யூனியன் ஒரு நோட்டீஸ்கூட ஒட்டவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு, வக்கீல் நண்பர் ஒருவர் பாஸ் வாங்கிக் கொடுத்து உள்ளே அழைத்துப்போனார். வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்கும் சிலை உண்டு. திருவாரூர்க்காரர்கள் இருவர் ஒரே வளாகத்தில். ஐயரின் சிலை வெள்ளைச் சலவைக்கல். இங்கிலாந்துச் சிற்பி வேட் செய்தது. முன்னால் ஜூனியர் வக்கீல்கள் கைப்பேசியில் வழக்குப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

நண்பர் ஐயரின் தீர்ப்புகளைப் பற்றிச் சொன்னார். இந்து சட்டத்தில், கூட்டுக்குடும்பச் சொத்து விஷயத்தில் அவை வெகுகாலம் மேற்கோள் காட்டப்பட்டன. 1891இல் மலபார் திருமணக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். 1893இல் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதி. இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. அதே ஆண்டில் சர் பட்டம். தற்காலிகம் என்ற சொல் என்னை உறுத்தியது. பொறுப்பு கொடுப்பார்கள், பதவியை நிரந்தரமாகத் தர மாட்டார்கள். ‘முழுக் கூடுதல் பொறுப்பு’ என்று நாங்கள் ஆணையில் எழுதுவோம். 1895 ஜனவரி 25 அன்று, அறுபத்து மூன்று வயது முடிய மூன்று நாள் இருக்கும்போது, பதவியில் இருந்தபடியே காலமானார். பிள்ளை அதற்கு முன்பே, 1889 ஜூலையில், மாயூரத்தில்.

“சித்தாந்த சங்கிரகம் இங்கே நூலகத்தில் இருக்குமா?” என்று நண்பரிடம் கேட்டேன். அவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. எழுதிக் கொடுத்திருக்கிறேன், தேடிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்து மங்களூர் போகலாம் என்று இருக்கிறேன். மனைவி இந்த முறை தானும் வருகிறாள், கொல்லூர் மூகாம்பிகையைச் சேர்த்துக்கொண்டால்.